தபாலுக்கும் ஒரு சமையல் குறிப்பு!

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவராம். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கேள்வியோ அதைவிட அழகு.

"பிள்ளை வெளியூர் வேலைக்குக் கிளம்புமுன் வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். வருகிற ஈமெயில் எல்லாம் தானாகப் பிரிந்து, தனித்தனிப் பெட்டிகளில், அதுவும் அழுத்திச் சுருக்கிய பெட்டிகளில், போய் விழுகிறது. இடம் மிச்சம், சந்தோஷந்தான். ஆனால் அவருடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களும், காலமாகிவிட்ட என் தங்கை எழுதிய கடிதங்களும் அந்தப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. எல்லாம் பத்திரமா? பிள்ளையைக் கேட்டால், 'கவலைப்படாதே அம்மா' என்கிறான். எனக்கு அந்தப் பதில் போதவில்லை."

எனக்கும் போதவில்லை, அம்மணி! இரும்புப் பெட்டி வாங்கினால் பூட்டை இழுத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். இந்தப் பெட்டியையும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம், வாருங்கள்.

வருகிற ஈமெயிலைப் பிரித்துப் போடுவதற்கென்று லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'புரோக்மெயில்' என்று ஒரு பழைய வேலைக்காரன் உண்டு. ஸ்டீபன் வான் டென் பெர்க் என்பவர் 1990-ல் எழுதியது. 2001-ல் 3.22 என்ற பதிப்பு வந்தபின் இருபது வருஷம் புதிய பதிப்பே வரவில்லை. இனி அவ்வளவுதான் என்று பலர் கைகழுவிவிட்டார்கள். 2022-ல் 3.24 என்ற பதிப்பு வெளிவந்தது. இந்த வேலைக்காரனுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் உத்தரவுகளுக்கு என்ன பெயர் தெரியுமா? 'ரெஸிப்பி'! நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதன் கையேட்டிலேயே அந்தப் பெயர்தான். சமையல் குறிப்பு என்று வந்துவிட்டால் நம்மை மிஞ்ச யார் இருக்கிறார்கள்? உப்பை எப்போது போடுவது, அடுப்பை எப்போது தணிப்பது என்று தெரிந்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமே இல்லை.

முதலில் பெட்டியைப் பற்றி. அந்த நாளிலிருந்து வழக்கத்தில் உள்ள 'எம்பாக்ஸ்' என்ற முறையில் ஒரு பெட்டி என்பது ஒரே ஒரு ஃபைல்தான். கடிதங்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் 'ஃப்ரம்' என்ற சொல்லும் ஓர் இடைவெளியும் வரும். அதைப் பார்த்துத்தான் 'இங்கே அடுத்த கடிதம் ஆரம்பம்' என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. நீளமான ஒரு நோட்டுப் புஸ்தகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்த நோட்டைச் சுருக்குகிறவர் பெயர் 'ஜிஜிப்'. ஜான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் என்ற இருவர் 1992-ல் வெளியிட்டது. சுருக்குவது என்றால் மெத்தையை அழுத்திக் கட்டுவதுபோல என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நம் வீட்டு மளிகைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் 'துவரம் பருப்பு, முதல் தரம், கடைத்தெருச் செட்டியார் கடை' என்று நீட்டி எழுதுகிறோம். அடுத்த வரியில்? 'மேற்படி' என்று போட்டுவிடுகிறோம். ஜிஜிப் செய்வதும் இதேதான். ஒரு சொல் மறுபடி வந்தால், 'இத்தனை எழுத்துக்கு முன்னால் இது வந்தது, அங்கே பார்த்துக்கொள்' என்று குறித்துவிட்டுப் போகிறது. 32 கிலோபைட் தூரம் வரையில் பின்னால் திரும்பிப் பார்க்கும். இடம் மிச்சமாவதற்கு இந்த மேற்படிகள் ஒரு முக்கியக் காரணம்.

அங்கேதான் ஆபத்தும் இருக்கிறது! மளிகை நோட்டில் முதல் வரியின்மேல் காப்பி கொட்டி அழிந்துவிட்டால், கீழே வரிசையாக உள்ள மேற்படிகளுக்கு என்ன அர்த்தம்? சுருக்காத பெட்டியில் நடுவே நாலு வரி கெட்டால் நாலு வரிதான் நஷ்டம், மற்றதைப் படித்துக்கொள்ளலாம். சுருக்கிய பெட்டியில் ஓரிடத்தில் கெட்டால், அதற்குப் பிறகு வருவதைப் பிரிக்க முடியாமல் ஜிஜிப் கையை விரித்துவிடும்.

இதனால் சுருக்கவே கூடாது என்று அர்த்தமா? இல்லை. அப்பளத்தை வெயிலில் காயவைக்காமலே டப்பாவில் போட்டு மூடுகிறோமா? மூடுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மூட வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஓர் அம்மாள் இருக்கிறார். அவர் வீட்டிலும் இதேபோன்ற ஏற்பாடு. பெண்ணுக்குப் பிரசவமாகி, குழந்தையின் போட்டோக்களை ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் அனுப்பினார்கள். இரண்டு கடிதங்கள் ஒரே நொடியில் வாசலுக்கு வந்து சேர்ந்தன. இரண்டையும் சுருக்கி உள்ளே போட இரண்டு ஜிஜிப் ஏக காலத்தில் கிளம்பின. ஒரே நோட்டில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதினால் எப்படியிருக்கும்? இவர் அரை வரி, அவர் அரை வரி! சின்னக் கடிதமானால் ஒரே வாயில் போய்விடும், தப்பித்துக்கொள்ளும். போட்டோ வைத்த கனமான கடிதங்கள் தவணை தவணையாக எழுதப்படுவதால், ஒன்றின் தவணைக்குள் மற்றொன்றின் தவணை புகுந்துகொண்டது. அந்த இடத்தோடு பெட்டி அடைத்துக்கொண்டது.

பரிதாபம் என்னவென்றால், அந்த அம்மாளுக்கு இது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய கடிதப் பெட்டியை யார் தினமும் திறந்து பார்க்கிறார்கள்? ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடித்தது மூடியைத் திறந்தால்தானே தெரியும்? புதுக் கடிதங்கள் அதன்பின் தினமும் வந்து உள்ளே விழுந்துகொண்டுதான் இருந்தன. ஒரு வார்த்தை புகார் இல்லை. இன்ஷூரன்ஸ் காகிதம் ஒன்று தேவைப்பட்டுத் திறந்தபோதுதான், அந்தப் பிரசவ நாளுக்குப் பிறகு வந்த எதுவும் வெளியே வரவில்லை என்பது தெரிந்தது.

நல்ல வேளையாக முக்கால்வாசி கிடைத்துவிட்டது. ஜிஜிப்பில் ஒரு நல்ல குணம் உண்டு. தனித்தனியாகச் சுருக்கிய துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வைத்தாலும் அவற்றை ஒரே பொருளாக ஏற்றுக்கொள்ளும். 1996-ல் வெளியான அதன் இலக்கணத்திலேயே இதற்கு அனுமதி இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் தலையிலும் மாறாத ஓர் அடையாளம் உண்டு. விஷயம் தெரிந்த பையன் ஒருவன் உட்கார்ந்து, கெட்ட இடத்தைத் தாண்டி அடுத்த அடையாளத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வெட்டிப் பிரித்துக் கொடுத்தான். கெட்டுப்போனவை எவை? அந்த இரண்டு கடிதங்கள்தாம். பேரனின் முதல் போட்டோ!

இந்த விபத்தைத் தடுக்க வேண்டியது ஒரே ஒரு புள்ளிச் சமாசாரம். புரோக்மெயில் குறிப்பின் முதல் வரி, மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள் உள்ள முக்காற்புள்ளியோடு ஆரம்பமாகும். பிறகு ஒரு பூஜ்யம். அந்த வரியின் கடைசியில் இன்னொரு முக்காற்புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் பூட்டு. அது இருந்தால், ஒரு கடிதம் உள்ளே போகும்போது பெட்டியின் பெயரோடு 'லாக்' என்று முடியும் ஒரு சிறு ஃபைல் வாசலில் தோன்றும். இரண்டாவதாக வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு நின்றுவிடுவார். எட்டு விநாடிக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து, பூட்டு போனதும் தன் காரியத்தை நடத்திக்கொள்வார். குளிக்கும் அறையின் தாழ்ப்பாள் மாதிரி என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும்.

பூட்டைப் போட்டுவிட்டு உள்ளே இருந்தவர் மயக்கம் போட்டு விழுந்தால்? அதற்கும் யோசித்திருக்கிறார்கள். 1024 விநாடி, அதாவது சுமார் 17 நிமிஷம், பூட்டு அப்படியே கிடந்தால், சொந்தக்காரர் இல்லாத பூட்டு என்று தீர்மானித்து உடைத்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம். ஒரே பெட்டிக்குள் இரண்டு குறிப்புகள் கடிதம் போடுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பூட்டு ஒன்றாகவே இருக்க வேண்டும். சிலர் அழகாக இருக்கட்டும் என்று பூட்டுக்கு இஷ்டப்படி பெயர் வைப்பார்கள்; ஒரே அறைக்கு இரண்டு கதவு, இரண்டு தாழ்ப்பாள் ஆகிவிடும். பெயர் வைக்காமல் வெறும் முக்காற்புள்ளியை மட்டும் போட்டுவிடுங்கள். பெட்டியின் பெயரைப் பார்த்து அதுவே பொருத்தமான பெயரை வைத்துக்கொள்ளும்.

பெட்டியின் பெயரை எங்கிருந்து கண்டுபிடிக்கும் என்கிறீர்களா? 'ஜிஜிப்பில் சுருக்கி இந்தப் பெட்டியில் சேர்' என்ற வரியில் இரண்டு அம்புக்குறிகள் ஒட்டினாற்போல் இருக்கும். அதன்பின் வருவதுதான் பெட்டி. அம்புக்குறி கட்டாயம் இரண்டு இருக்க வேண்டும்! இரண்டு என்றால் 'கடைசியில் சேர்'. ஒன்று என்றால் 'உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டு இதை வை'. ஒரு குறி விட்டுப்போனால் ஒவ்வொரு புதுக் கடிதமும் முன்பிருந்த அத்தனையையும் அழித்துவிட்டு உட்காரும். திருச்சிச் சகோதரியே, தங்கையின் கடிதங்களை நினைத்து எனக்கே இந்த இடத்தில் பகீரென்றது. உங்கள் பெட்டி இத்தனை நாளாக நிறைந்துகொண்டு வருவதால் உங்களிடம் இரண்டு குறிகள் இருக்கின்றன என்பது நிச்சயம். இனிமேல் யாராவது அந்த வரியில் கை வைத்தால் பக்கத்தில் நின்று பாருங்கள்.

அடுத்தது, காத்திருப்பது. வேலைக்காரியிடம் பாலைக் கொடுத்து, "உள்ளே காய்ச்சி வை" என்கிறோம். அவள் வாங்கிக்கொண்டதும் நம் பொறுப்பு தீர்ந்ததா? பால் பொங்கி வழிந்ததா, பாத்திரம் ஓட்டையா என்று பார்க்க வேண்டாமா? புரோக்மெயிலுக்குச் சாதாரணமாக இந்தக் கவலை கிடையாது. கடிதத்தை ஜிஜிப்பின் கையில் கொடுத்ததுமே 'பட்டுவாடா ஆயிற்று' என்று கணக்கை முடித்துவிடும். ஜிஜிப் உள்ளே தடுக்கி விழுந்தால் யாருக்கும் தெரியாது. முதல் வரியில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சின்ன 'டபிள்யூ' ஒன்றைப் போட்டால், ஜிஜிப் வேலையை முடித்து 'சரி' என்று சொல்லும்வரை அது காத்திருக்கும். 'சரி' வராவிட்டால், கடிதம் இன்னும் தன் கையில் இருப்பதாகவே எண்ணி அடுத்த குறிப்புக்குப் போகும். பெரிய 'டபிள்யூ'வும் உண்டு. அதுவும் காத்திருக்கும், ஆனால் தோற்றுப்போனால் அதைப் பற்றி மூச்சு விடாது. வீட்டில் அப்படி ஒருவர் போதாதா? நமக்குச் சின்னதே இருக்கட்டும்.

இந்தக் 'காத்திருந்து கைமாற்றுவது' ஏதோ நான் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. ஈமெயிலின் ஆதாரமே அதுதான். ஜான் போஸ்டல் 1982-ல் எழுதிய விதிகளின்படி, ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் கடிதத்தைக் கொடுத்தால், வாங்கிக்கொண்டவர் 250 என்ற எண்ணைச் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் ரிஜிஸ்தர் தபாலோடு வரும் ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போமே, அதற்குச் சமானம். 1989-ல் வந்த 1123-ம் எண் ஆவணம் இன்னும் கண்டிப்பு. 250 என்று சொல்லிவிட்டால் கடிதத்துக்கு நீதான் பொறுப்பு. அற்பக் காரணத்துக்காக அதைத் தொலைக்கக் கூடாது என்கிறது. அற்பக் காரணத்துக்கு அது தரும் உதாரணங்கள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை: கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று என்பது ஒன்று, முன்கூட்டியே தெரியக்கூடிய இடப் பற்றாக்குறை இன்னொன்று. எத்தனை மாமியார்கள் சேர்ந்து இந்த விதியை எழுதினார்களோ!

ஆகவே உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ பல கை மாறி, ஒவ்வொரு கையிலும் 'சரி' வாங்கிக்கொண்டு பத்திரமாக வருகிற கடிதம், கடைசியில் நம் வீட்டுக்குள், பீரோவில் வைக்கும்போது தொலைந்தால் நியாயமா?

இடப் பற்றாக்குறை என்றேன். 'டபிள்யூ' போட்டிருந்தாலும் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பாதிக் கடிதத்தைச் சுருக்கி எழுதிய சமயத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டால், ஜிஜிப் 'முடியவில்லை' என்று சொல்லும், புரோக்மெயிலும் கேட்டுக்கொள்ளும், கடிதமும் தப்பும். ஆனால் எழுதின அந்தப் பாதித் துண்டு பெட்டியிலேயே கிடக்கும். அதை யாரும் துடைப்பதில்லை. பிற்பாடு இடம் கிடைத்து வருகிற கடிதங்களெல்லாம் அந்த அரைத் துண்டின் பின்னால் மாட்டிக்கொள்ளும். எதிர் வீட்டு அம்மாளுக்கு நேர்ந்த அதே கதை, வேறு வழியாக! பூட்டும் காத்திருப்பும் இதற்குப் போதாது.

அதனால்தான், கேட்டவர்களுக்கெல்லாம் என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே வைத்துச் சுருக்காதீர்கள். வருகிற கடிதங்களைப் பிரிக்கலாம். பெட்டி பெட்டியாகப் போடலாம். ஆனால் நடப்பு மாதத்தை விரித்தபடியே வைத்திருங்கள். ஆஸ்பத்திரி, பாங்கி, குடும்பம் என்று ஒவ்வொரு பெட்டியும் மாதத்தின் பெயரோடு இருக்கட்டும். தேதியைப் பார்த்துப் பெயர் வைக்கும்படி புரோக்மெயிலுக்குச் சொல்ல முடியும். புது மாதம் பிறந்தால் கடிதங்கள் தாமாகவே புதுப் பெட்டிக்குப் போய்விடும். பழைய மாதத்துப் பெட்டியில் யாரும் கை வைக்கமாட்டார்கள். ஐந்தாறு நாள் கழித்து, மாதச் சாமான் கணக்கு முடிக்கிற அன்றைக்கு, அதைச் சாவதானமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இதில் லாபமும் கூட! ஒவ்வொரு கடிதத்தையும் தனியாகச் சுருக்கினால் ஒவ்வொன்றுக்கும் முதல் வரியிலிருந்து மறுபடி நீட்டி எழுத வேண்டும். மேற்படி போட முன்வரி இராது. மாதம் முழுவதையும் சேர்த்துச் சுருக்கினால், ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் வரும் முகவரி, முத்திரை, சங்கதியெல்லாம் மேற்படியிலேயே போய்விடும்.

சுருக்குகிற முறையைச் சொல்லிவிடுகிறேன். ஜிஜிப், சுருக்கி முடித்ததும் மூலத்தைத் தானே அழித்துவிடும் பழக்கமுடையது. 2013-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்து ஆங்கிலச் சின்ன 'கே' போட்டால் மூலத்தை விட்டுவைக்கிறது. அதைப் போட்டுச் சுருக்குங்கள். அடுத்து, சுருக்கியதன்மேல் சின்ன 'டி' போட்டு ஏவுங்கள். 'சோதித்துப் பார்' என்று அர்த்தம். ஒவ்வொரு துண்டின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணும், மூலத்தின் நீளமும் எழுதி வைத்திருக்கிறது. முழுவதையும் உள்ளுக்குள் பிரித்துப் பார்த்து, எண் ஒத்துவந்தால் பேசாமல் இருக்கும், ஒத்துவராவிட்டால் கத்தும். பேசாமல் இருப்பது நல்ல செய்தி என்பது கம்ப்யூட்டரிடம் மட்டும் சரியாக இருக்கிறது!

அதோடு விடாமல் கடிதங்களை எண்ணுங்கள். 'ஃப்ரம்' என்று வரி தொடங்கும் இடங்களை மூலத்தில் எண்ண 'கிரெப்' என்ற கருவியும், சுருக்கிய பெட்டியில் எண்ண 'ஜெட்கிரெப்' என்ற கருவியும் இருக்கின்றன. இரண்டும் ஒரே எண்ணைச் சொன்னால், அப்புறம் மூலத்தை அழிக்கலாம். வண்ணானுக்குப் போடும்போது எண்ணி, வாங்கும்போதும் எண்ணுகிறோமே, அதே காரியம். இந்த ஜெட்கிரெப்பினால் இன்னொரு சௌகரியமும் உண்டு. சுருக்கிய பெட்டியை விரிக்காமலே உள்ளே ஒரு பெயரைத் தேடலாம். ஆனால் தமிழ்க் கடிதங்களில் பல, வழியில் சிதையாமல் இருக்க ஆங்கில எழுத்துக் குறியீடாக மாற்றப்பட்டே வருகின்றன. அவற்றுக்குள் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. அனுப்பியவர் முகவரியை வைத்துத் தேடுங்கள்.

"மாதக் கடைசி வரை எனக்குப் பொறுமை இல்லை, வாசலிலேயே சுருக்கியாக வேண்டும்" என்கிறவர்கள் இரண்டு காரியம் செய்துகொள்ளுங்கள். எல்லாக் குறிப்புகளுக்கும் மேலே, முதல் குறிப்பாக, வருகிற கடிதம் ஒவ்வொன்றுக்கும் சுருக்காத ஒரு பிரதியைத் தனி இடத்தில் போடச் சொல்லுங்கள். அதற்கு அடையாளம் சின்ன 'சி'. பிரதிகள் குவிந்துவிடாதா? கடைசி 32 கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு பழசைத் தள்ளிவிடும் குறிப்பு ஒன்று புரோக்மெயிலோடு வரும் உதாரண ஏட்டிலேயே இருக்கிறது. சர்க்கஸில் ஊஞ்சலாடுகிற பெண்ணுக்குக் கீழே கட்டியிருக்கும் வலை மாதிரி. அதிகம் கடிதம் வருகிற வீட்டில் 32-ஐ 300 ஆக்கிக்கொள்வது உத்தமம்.

இரண்டாவது: சுருக்குவது தோற்றால் மட்டும் நடக்க வேண்டிய குறிப்பு. அதற்குச் சின்ன 'ஈ'. அங்கே 75 என்ற எண்ணோடு வெளியேறச் சொல்லலாம். தபாலைக் கொண்டுவந்த வேலைக்காரனிடம், 'இப்போது வீட்டில் இடமில்லை, கொஞ்சம் கழித்து வா' என்று சொல்வதாக அர்த்தம். அவன் கோபித்துக்கொள்ளமாட்டான். கடிதத்தை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வருவான். 'போஸ்ட்ஃபிக்ஸ்' என்ற வேலைக்காரனானால் ஐந்து நாள் வரையில் பார்ப்பான். அதன்பின்தான் அனுப்பியவருக்கே திருப்புவான். ஐந்து நாளில் டிஸ்க்கைக் காலி செய்ய முடியாதா நம்மால்?

வெளியிலிருந்து கடிதத்தை இழுத்து வருவதற்கு 'ஃபெட்ச்மெயில்' வைத்திருக்கிறவர்கள் ஒன்று கவனியுங்கள். அது கடிதத்தை வீட்டில் சேர்த்ததும் வெளியில் இருந்த பிரதியை அழித்துவிடும். அதன் இயல்பே அது. 'கீப்' என்ற சொல்லைச் சேர்த்தால் அங்கேயும் இருக்கும். புதிய ஏற்பாடு எதுவானாலும் முதல் ஒரு மாதத்துக்கு 'கீப்' இருக்கட்டும்.

பெட்டியைத் திறந்து படிக்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும். சுருக்கிய பெட்டியைத் திறக்கிற மெயில் நிரல்கள் பல, அதைத் தற்காலிகமாக ஓரிடத்தில் விரித்து, நீங்கள் படித்து முடித்ததும் மறுபடி சுருக்கிப் பழைய இடத்தில் வைக்கின்றன. நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அரைமணியில் வாசலில் ஒரு கடிதம் வந்து பழைய பெட்டியில் விழுந்தால்? இரண்டு பேரும் ஒரே பூட்டை மதிக்காவிட்டால், நீங்கள் மூடும்போது புதுக் கடிதம் அழிந்துபோகும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது! மாதப் பெட்டி முறையில் இந்தத் தொல்லையும் இல்லை. சுருக்கிய பெட்டியில் புதுக் கடிதம் விழுவதே கிடையாதல்லவா?

லினக்ஸும் வேண்டாம், புள்ளியும் வேண்டாம் என்கிறவர்களுக்கு 'சீவ்' என்று ஒன்று இருக்கிறது. சீவ் என்றால் சல்லடை. 2001-ல் அதற்கு விதிமுறை எழுதி, 2008-ல் திருத்தினார்கள். சில மெயில் நிலையங்கள் தங்கள் கம்ப்யூட்டரிலேயே இதை வைத்துக் கொடுக்கின்றன. இது வெளி நிரல் எதையும் கூப்பிடாது. ஆகவே சுருக்குவது இதன் வேலையல்ல, நிலையத்தின் வேலை. இதில் எனக்குப் பிடித்த குணம் ஒன்று. நாம் எழுதிய உத்தரவில் தப்பு இருந்தால், என்ன செய்வதென்று திகைக்காமல் கடிதத்தை நேரே முகப்புப் பெட்டியிலேயே வைத்துவிடும். சந்தேகம் வந்தால் கூடத்திலேயே வை என்பது அதன் சட்டம்.

எந்தச் சல்லடையானாலும், விளம்பரம் என்று நினைப்பதைக் குப்பையில் கொட்டச் சொல்லாதீர்கள். 'சந்தேகம்' என்று ஒரு பெட்டி வைத்து அதில் போடச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒருநாள் கண்ணோட்டம் விடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் பரிசோதனைக் காகிதங்கள் யாரோ புது முகவரியிலிருந்துதான் வரும். சல்லடைக்கு முகம் தெரியாதவரெல்லாம் திருடர்!

இவ்வளவு பாடுபட்டு எவ்வளவு இடம் மிஞ்சும்? தமிழில் ஒவ்வோர் எழுத்துக் குறியும் கம்ப்யூட்டரில் மூன்று பைட் பிடிக்கிறது. அந்த மூன்றில் முதலாவது திரும்பத் திரும்ப அதேதான், இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். மேற்படி போட இதைவிட லாயக்கு எது? வெறும் எழுத்தாக வரும் தமிழ்க் கடிதம் அபாரமாகச் சுருங்கும். போட்டோக்கள் வேறு ஜாதி. அவை ஏற்கனவே சுருக்கப்பட்டவை. ஈமெயிலில் வருவதற்காக மூன்று பைட்டை நாலு எழுத்தாக்கி ஊதி வைத்திருப்பார்கள். ஜிஜிப் அந்த ஊதலை மட்டும் இறக்கும். அதாவது சுமார் கால்வாசிதான் லாபம். வீட்டு மெயிலில் இடத்தை அடைப்பது போட்டோக்களானால், அவற்றை எடுத்து வேறு டிஸ்க்கில் வைப்பதுதான் வழி.

திருச்சிச் சகோதரி முதலில் செய்ய வேண்டியது இவை எதுவுமே அல்ல. தங்கையின் கடிதங்களை இன்றைக்கே தனியே எடுத்து, சுருக்காமல், இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்துவிடுங்கள். எத்தனை கடிதம் இருந்துவிடப் போகிறது? ஒரு போட்டோவின் இடத்துக்கு வருமோ வராதோ! இடம் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியமெல்லாம் பாங்கிக் கடிதத்தோடு இருக்கட்டும்.

மதுரையிலிருந்து இன்னொரு நேயர், "சுருக்கிவிட்டால் மற்றவர் படிக்க முடியாதல்லவா?" என்று கேட்கிறார். தாராளமாகப் படிக்கலாம். ஜிஜிப் யார் கேட்டாலும் விரித்துக் காட்டிவிடும். அதற்குக் கடவுச்சொல்லும் கிடையாது, ரகசியமும் கிடையாது. மறைத்து வைக்க வேண்டியவற்றுக்குச் சங்கேதமாக்குவது என்று வேறு வித்தை இருக்கிறது. அதில் சாவியைத் தொலைத்தால் சொந்தக்காரருக்கே கடிதம் கிடைக்காது. அந்தச் சாவியை எங்கே வைப்பது, வீட்டில் யாரிடம் சொல்லி வைப்பது என்பதை அடுத்த வாரம் பேசுவோம்.